மூன்றாவது தட்டு

சித்திக்கு அந்தத் தெருப் பக்கமே ஆகாது. இருபத்திரண்டு வருடமாக, அந்த வழியே போகும் பஸ்ஸில்கூட அவள் ஏறியதில்லை. கேட்டால், "அங்க என்ன இருக்கு? வெறும் புகை" என்பாள். ஆலைகள் மூடி, புகை நின்று எத்தனையோ வருடம் ஆயிற்று என்று அக்கா மகள் சிரிப்பாள்.

இன்று தப்ப முடியவில்லை. அந்தத் தெருவில் சித்தி வேலை பார்த்த பஞ்சாலை இப்போது கடைகளாகிவிட்டது; அக்கா மகளின் ரொட்டிக் கடை நாளை அங்கேதான் திறக்கிறது. மாவு பிசைகிற மெஷினுக்கு முதல் ஸ்விட்சை சித்திதான் போட வேண்டுமாம்.

"நாலு வயசுல இருந்து என்னை வளர்த்தது நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா?"

நல்ல மதிய வெயில். இந்த இடத்துக்கு வந்த வாழ்வைப் பார் என்று சித்தி வாய்விட்டே சொன்னாள். பஞ்சுக் கிடங்கில் செருப்புக் கடை. சாயத் தொட்டி இருந்த முற்றத்தில் ஐஸ்கிரீமுக்கு வரிசை. மேஸ்திரி உட்கார்ந்து எல்லோரையும் மிரட்டிய அறையில் இரண்டு பெண்கள் தோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய கூடத்துக்குள் நுழைந்ததும் காபி மணம், வெண்ணெய் மணம். அதற்கு அடியில் இன்னொன்று. மெஷின் எண்ணெய். பச்சைப் பஞ்சு.

"உனக்கு ஏதாவது வாடை அடிக்குதா?"

"வெண்ணெய் சித்தி. நல்லாத்தானே இருக்கு?"

ரொட்டிக் கடை கூடத்தின் கடைசியில் இருந்தது. நடுவே ஓர் இரும்புத் தூண். புதுக் கறுப்புப் பெயின்ட். ஆனால் இடுப்பு உயரத்தில் ஸ்பேனர் தட்டித் தட்டி விழுந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. சித்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். இவ்வளவு பெரிய ஆலையில் இவளுக்கு வேறு மூலையே கிடைக்கவில்லையா?

அந்தக் காலத்தில் இங்கே பேச்சு எடுபடாது, அப்படியோர் இரைச்சல். பஞ்சு மெஷினுக்குள் நுழைந்து சுத்தம் செய்கிறவள், வெளியே வந்ததும் தூணை மூன்று முறை தட்டுவாள். ஸ்விட்சருகே நிற்பவளின் உள்ளங்கை தூணில் இருக்கும். காதுக்குக் கேட்காதது கைக்குத் தெரியும். மூன்று தட்டு என்றால் ஓட்டலாம். குறைந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று கணக்கு.

அன்று உள்ளே போனது அக்கா. ஸ்விட்சில் நின்றது சித்தி. மேஸ்திரி பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். கைக்கு இரண்டு தட்டுதான் தெரிந்தது. மூன்றாவது கைக்குத் தப்பியிருக்கும் என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டாள். அக்கா உள்ளேதான் இருந்தாள்; பிழைக்கவில்லை.

விசாரணையில் மூன்று என்று சொன்னாள். இன்றுவரை மூன்றுதான்.

அக்கா மகள் அந்தப் பள்ளங்களைத் தடவினாள். "அம்மா தட்டின தூண் இதுதானே? வெளிய வந்துட்டேன்னு தட்டிட்டு மறுபடி எதுக்குக் கையை விட்டாங்க? என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா..."

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி விடுங்க. நல்ல நாள்ல எதுக்கு அது? மெஷினைத் துடைச்சுட்டு வரேன்."

அவள் மெஷினுக்குப் பின்னால் குனிந்தாள். பக்கத்துக் கடையில் பாட்டை அலற விட்டார்கள். சற்று நேரத்தில் அவள் குரல் மட்டும் வந்தது. "முடிஞ்சுது சித்தி! போடுங்க!"

வலது விரல் தூணருகே இருந்த ஸ்விட்சுக்குப் போயிற்று. இடது கை, சித்தி அறியாமலே, தூணில் படிந்திருந்தது.

டக்.

டக்.

மூன்றாவதற்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

விரலை எடுத்துவிட்டாள். மெஷினுக்குப் பின்னாலிருந்து அக்கா மகள் ஒரு துணியோடு எழுந்தாள்.

"நல்ல வேளை நீங்க போடலை. சொன்னப்புறம்தான் உள்ள துணி கிடந்ததைப் பார்த்தேன். சட்டுனு கையை விட்டுட்டேன்."

"தூணைத் தட்டுனியா?"

"நானா? ரெண்டு கையும் உள்ளதானே இருந்துது!"

அவள் தலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மாவு மூட்டை இன்னும் பிரிக்கவே இல்லை. சித்தி அதை எடுத்து விரல்களில் உருட்டினாள். பஞ்சு. வெதுவெதுவென்று இருந்தது.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு ரெண்டு தட்டுதான்டி. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பொறுக்காம போட்டேன். போட்டுட்டுப் பொய்யும் சொன்னேன்."

அக்கா மகள் ஓரடி பின்னால் போனாள்.

"இத்தனை வருஷமா நான் அம்மா மேலதானே கோவமா இருந்தேன், சித்தி."

சித்தி அழுதாள். அக்கா மகள் கிட்டே வரவில்லை. தூணிடம் போய், உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். சின்னக் குழந்தையின் குரலில் கேட்டாள்.

"அப்ப அம்மா இன்னும் வெளியவே வரலையா?"

டக்.

டக்.

இருவரும் மூன்றாவதற்காகக் காத்து நின்றார்கள்.