வாசலில் சாத்திய துடைப்பம்

காலையில் கதவைத் தள்ளியபோது அது திறக்கவில்லை. அந்த மரவீட்டில் பூட்டு என்ற ஒன்றே கிடையாது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் மட்டும், அதையும் சைமி விலக்கிவிட்டிருந்தாள். தோளைக் கொடுத்து அழுத்தினாள். வெளியே ஏதோ சரிந்து படிகளில் விழுந்தது. கதவு திறந்துகொள்ள, ஏரியின் ஈரக் காற்றும், ஊசியிலை மரங்களின் பிசின் வாசனையும், நேற்று மாலை சவுனா என்ற நீராவிக் குளியலறையில் எரித்த விறகின் புகை மிச்சமும் ஒன்றாக உள்ளே வந்தன. படியில் கிடந்தது பிர்ச் மரத்தின் மெல்லிய குச்சிகளை, மிலாறுகளை, கட்டிச் செய்த துடைப்பம்.

பின்லாந்தின் ஏரிக்கரைக்காரர்களுக்கு அதன் பொருளைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டை விட்டுப் போகிறவர்கள் கதவின் மேல் துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்தவர் படியேற மாட்டார், குரல் கொடுக்கவும் மாட்டார். வீட்டில் ஆள் இல்லை, பேச்சு முடிந்தது. ஆனால் சைமியும் அவள் கணவன் தார்மோவும் இரவு முழுக்க உள்ளேதான் படுத்திருந்தார்கள்.

"தொடப்பத்த நீயா சாத்துன?"

தார்மோ போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினான். "ஆமா, வெளிய சாத்திட்டு புகைக்கூண்டு வழியா உள்ள குதிச்சேன். ஏன் கேக்கமாட்ட?"

"அப்ப யாரு?"

"வீட்டுக்கார ரெய்னோவா இருக்கும். கெழவனுக்குக் குசும்பு ஜாஸ்தி. புருஷன் பொண்டாட்டி தனியா இருக்காங்க, எவனும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு செஞ்சிருப்பாரு."

சைமிக்குச் சிரிப்பு வந்தது. அவன் வேடிக்கை பேசிக் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது! குளிர்காலம் முழுக்க ஹெல்சிங்கி வீட்டில் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே தூங்கியவர்கள். பிரிந்துவிடலாமா என்ற பேச்சுகூட வந்துவிட்டது. கடைசி முயற்சியாகத்தான் கைனூ வட்டாரக் காட்டுக்குள் இந்த வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. வேண்டுமென்றேதான் அப்படிப்பட்ட இடமாகத் தேடினார்கள். நேற்று சவுனாவின் நீராவியில் வெந்து, ஏரியில் குதித்து, நடுங்கிக்கொண்டு கரையேறியபோது தார்மோ அவள் தலையைத் துவட்டிவிட்டு, "தப்பெல்லாம் எம்மேலதான்" என்றான். அப்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். என்ன ஆனாலும் சரி, இந்த மனுஷனை இனி கைவிடுவதாக இல்லை.

காப்பி கொதிக்கும்போதுதான் பால் நினைவு வந்தது. வீட்டுக்காரர் ரெய்னோ அக்கரையில் இருந்தார். காலையில் மோட்டார் படகில் வந்து மரத்துறையில் பால் வைத்துவிட்டுப் போவார், மாலையில் தன் மீன்வலையைப் பார்க்க மறுபடி வருவார். சைமி துறைக்குப் போய்ப் பார்த்தாள், தார்மோவும் பின்னாலேயே வந்தான். பால் இல்லை. விடியற்காலை அரைத்தூக்கத்தில் மோட்டார் சத்தம் கிட்டே வந்து, சற்று நின்று, திரும்பிப் போனதைக் கேட்ட ஞாபகம் இருந்தது.

"அவர் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு, தார்மோ. தொடப்பத்தப் பாத்துட்டு."

"போகத்தான் செய்வாரு. நம்ம ஆளுங்க வீடு பத்தி எரிஞ்சாக்கூட, தொடப்பம் சாத்தியிருந்தா 'ஆள் இல்ல போல'ன்னு வந்த வழியே போயிருவாங்க."

"அப்படின்னா, சாத்துனது அவரு இல்ல."

தார்மோ அவள் தோளைத் தாண்டித் துறையின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தினருக்கென்று கட்டியிருந்த துடுப்புப் படகு தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தார்கள். அடிப்பலகையை யாரோ கோடாரியால் வெட்டியிருந்தார்கள், ஆத்திரத்தில் அல்ல, பொறுமையாக, ஒரே அளவாக, ரொட்டி நறுக்குகிற மாதிரி. புதிதாக வெட்டிய மரத்தின் மஞ்சள் நிறம் தண்ணீருக்கடியில் பளிச்சென்று தெரிந்தது.

அவர்கள் வந்த கார் அக்கரையில் இருந்தது. இந்தக் கரையில் பாதை கிடையாது, சதுப்பும் காடும்தான்.

"நீ உள்ள போ," என்றான் தார்மோ. முகத்தில் இருந்த விளையாட்டு போயிருந்தது. "நான் விறகுக் கொட்டகையில இருந்து கோடாரிய எடுத்துட்டு வரேன். அது நம்ம கையில இருக்கறது நல்லது. சாயங்காலம் ரெய்னோ வந்ததும் கிளம்பிடலாம்."

அவள் உள்ளே வந்து அடுப்பில் விறகு வைத்தாள். கொசுக்களின் ரீங்காரம், கெட்டில் மூடி தடதடப்பது, விறகுக் கொட்டகைப் பக்கம் அவன் செருப்பு சருகில் சரசரப்பது எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு ஒரு குரல். ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாத, தணிந்த, மிகவும் மரியாதையான குரல். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை கேட்டு வந்தவர்கள் கேட்பதைப் போல இருந்தது.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம், இருக்கோம்!" தார்மோவின் குரலில் நிம்மதி வழிந்தது. "நல்லவேளை வந்தீங்க. நாங்க..."

தொடர்ந்து வந்தது அலறல். மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று சைமிக்கு அதுவரை தெரியாது. அவள் ஓடினாள். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே அவன் கைகளால் தரையைப் பிராண்டிக்கொண்டு ஊர்ந்து வந்தான். இடது முழங்காலின் பின்பக்கம் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது. பாதம் தன் பாட்டுக்கு வேறு திசையில் திரும்பிக் கிடந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. பெர்ரிப் பழச் செடிகள் மட்டும், யாரோ நிதானமாக நடந்து போன தடத்தில், ஆடி அடங்கிக்கொண்டிருந்தன.

அக்குளில் கை கொடுத்து அவனை உள்ளே இழுத்தாள். கட்டிலில் போட்டாள். தாழ்ப்பாளைப் போட்டு, மேசையை நகர்த்திக் கதவுக்குக் குறுக்கே போட்டாள். பெல்ட்டை அவிழ்த்து அவன் தொடையில் இறுக்கினாள். ரத்தம் குறைந்தது; நிற்கவில்லை.

"யாரு அது? பாத்தியா?"

"பாக்கல... பின்னாடி நின்னுச்சு." அவன் பற்கள் தந்தியடித்தன. "சைமி, என்னைய விட்டுட்டுப் போயிராத."

"எங்கயும் போகமாட்டேன். ரெய்னோ வந்துருவாரு. அதுவரைக்கும் தாங்கிக்கோ. எனக்காக."

பகல் நகர மறுத்தது. இருட்டு வந்தாலாவது ஒளிந்துகொள்ளலாம். ஜூன் மாதத்தில் அந்த வடகோடிக் காட்டில் வெளிச்சம் மறைவதில்லை, இருட்டும் வருவதில்லை. தார்மோவின் உடம்பு அனலாகக் கொதிக்கத் தொடங்கியது. அவள் அவன் உதட்டில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது வெளியே படிகள் முனகின. ஒரு கால், மறு கால். பிறகு மிலாறுகள் மரத்தில் உரசும் சத்தம், கதவின் மறுபக்கம், அவள் காதுக்கு ஒரு முழம் தள்ளி. துடைப்பத்தை எடுத்துச் சாத்துகிறார்கள். மெதுவாக, நழுவாதபடி, இடம் பார்த்து. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே ஆள் இல்லை என்று ஊருக்குச் சொல்கிறார்கள். சொன்னதைப் பொய்யாக விட்டுவிடப் போவதில்லை என்பது சைமிக்கு அப்போது உறைத்தது.

காலடி ஜன்னல் பக்கம் வந்தது.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்!" பயம் கோபமாக வெடித்தது அவளுக்கு. "உள்ளதான் இருக்கோம்! போயிடு! கிட்ட வந்தா கொன்னுருவேன்!"

கண்ணாடி உடைந்து கட்டிலின் மேல் கொட்டியது. ஒரு கை உள்ளே வந்தது. நீளமான, சாம்பல் நிறக் கை. முழங்கை வர வேண்டிய இடம் தாண்டியும் வந்துகொண்டேயிருந்தது. தார்மோவின் தலைமுடியைப் பற்றித் தூக்கியது. சைமி ரொட்டிக் கத்தியை எடுத்து அந்த மணிக்கட்டில் ஓங்கி இறக்கினாள். மறுபடி இறக்கினாள். பட்ட மரத்தில் இறங்குவது போலக் கத்தி இறங்கி மாட்டிக்கொண்டது. ரத்தம் இல்லை. கூச்சல் இல்லை. கை அவசரப்படாமல் பின்வாங்கியது; கத்தியோடு, கொத்து முடியோடு, தோலோடு, வந்த வழியே போய்விட்டது.

தார்மோவின் நெற்றியில் ரத்தம் வழிந்தது. அவன் அழக்கூட இல்லை.

மோட்டார் சத்தம்.

முதலில் கொசு அளவு. பிறகு நிச்சயமாக மோட்டார். ஏரியின் வளைவைத் தாண்டி வருகிறது. கிட்டே வருகிறது. இதோ, வேகம் குறைகிறது. கதவில் துடைப்பம் இருக்கிறது. பார்ப்பார். திரும்பிவிடுவார். சைமி உடைந்த ஜன்னலில் வயிறு கிழிய எக்கினாள்.

"ரெய்னோ! நாங்க உள்ள இருக்கோம்! ரெய்னோ!"

மோட்டார் நின்றது. படகு துறையில் இடித்தது.

"என்னம்மா இது, உள்ள இருந்துகிட்டே தொடப்பத்தச் சாத்தி வெச்சிருக்கீங்க?" கிழவர் சிரித்துக்கொண்டே வருவது கேட்டது. "காலையில பாலைத் திருப்பி எடுத்துட்டுப் போயி, எம்பொண்டாட்டிகிட்ட ஒரே திட்டு."

"மேல வராதீங்க! அங்கயே நில்லுங்க, யாரோ இருக்காங்க!"

"யாரு இருக்கா?" படியில் பூட்ஸ் காலடி. ஒன்று. இரண்டு. நின்றது.

அந்தக் குரல் அவருக்கு மிக அருகில் கேட்டது. "வீட்ல யாராவது இருக்கீங்களா?"

"அட, நான் இருக்கேன்ல. நீங்க யாரு..."

கோடாரி. ஈரக்கட்டையைப் பிளக்கும் சத்தம். மீண்டும் அதே சத்தம். கனமாக ஏதோ கதவில் மோதிச் சரிந்தது. கதவுக்கடியில் சிவப்பு நுழைந்து, தரைப்பலகை இடுக்குகளைப் பிடித்துக்கொண்டு மேசைக் காலை நோக்கி வந்தது.

அவள்தான் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டதால்தான் வந்தார். அழ வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

தார்மோ பதில் சொன்னான். அவள் பதில் சொன்னாள். ரெய்னோ பதில் சொன்னார்.

பதில் சொல்லக் கூடாது. வீட்டில் ஆள் இல்லை. அதுதான் அதற்கு வேண்டும். இல்லை என்று அது நம்பிவிட்டால் போய்விடும். படகு துறையில் நிற்கிறது. தார்மோவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பிழைத்துவிடுவான்.

அடுப்பில் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தாள். கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் படுத்தாள்.

வெளியே அது சுவரோரம் நடந்தது. நின்றது. கன்னம் மரத்தில் உரசும் சத்தம். காதை வைத்துக் கேட்கிறது.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?"

தார்மோவின் கண் திறந்தது. காய்ச்சலில் அவனுக்கு இடமும் தெரியவில்லை, காலமும் தெரியவில்லை. யார் கேட்டாலும் மறுமொழி சொல்லாமல் இருக்கத் தெரியாத மனிதன். உதடு பிரிந்தது. "இரு..."

அவள் உள்ளங்கை அவன் வாயில் இறங்கியது.

ஜன்னல் பக்கம். "வீட்ல யாராவது இருக்கீங்களா?"

அவன் திமிறினான். அவள் ஏறி அவன் மேல் படுத்தாள். முழங்காலால் அவன் கையை அழுத்தினாள். மூக்கு வழியாக முனகினான். அந்த முனகல் கேட்டுவிடும். கையை விரித்து மூக்கையும் சேர்த்துப் பொத்தினாள். கொஞ்சம் பொறு. கொஞ்சமே கொஞ்சம். கண்ணே, பொறு.

கூரையில். கதவில். தரைக்கடியில். அதே கேள்வி. அதே மரியாதை.

அவன் நகம் அவள் கையைக் கிழித்தது. பிறகு கிழிக்கவில்லை.

படிகள் முனகின. காலடி இறங்கியது. சருகு. தூரத்துச் சருகு. ஒன்றுமில்லை.

போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. நன்றியில் அவளுக்கு உடம்பெல்லாம் உதறியது.

"போயிடுச்சு, தார்மோ," என்று அவன் காதில் கிசுகிசுத்தாள். "படகு இருக்கு. வா, போலாம்."

கையை எடுத்தாள். அவன் கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நெஞ்சில் கை வைத்தாள். கன்னத்தில் தட்டினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் விரல்களின் அச்சு அவன் கன்னத்தில் வெள்ளையாக இருந்தது. நிறம் திரும்பி வரவில்லை.

அவன் உதடுகள் அசைந்தன.

மூச்சு இல்லை. நெஞ்சு எழவில்லை. வாய் மட்டும் மெல்லத் திறந்தது. அந்தத் தணிந்த குரல் அவன் தொண்டையிலிருந்து வந்தது.

"வீட்ல யாராவது இருக்கீங்களா?"

சைமி அவனைப் பொத்திய அதே கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். தார்மோவின் தலை தலையணையில் மெதுவாகத் திரும்பி, அவள் பக்கமாகக் காதை வைத்துக்கொண்டது.