தோளுக்கு மேலே ஒரு ஷாட்

மேலகரத்தில் அந்த வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது காலை பதினோரு மணி. சாரல் ஓட்டின் மேல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மூடிக் கிடந்த அறைகளில் ஈரமும் தைல வாசமும் அப்படியே தேங்கி நின்றன.

சாவியைக் கொடுத்த ஞானபாக்கியம் அக்காவுக்குக் கணவர் இறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "படத்துக்கு எத வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க தம்பி. கொக்கியில தொங்குத அவுக சட்டைய மட்டும் தொட்டுராதிய. இன்னும் தொவைக்கல. அவுக வாசம் போயிரும்" என்று சொல்லியிருந்தார்.

நான் தென்காசியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். இது என் முதல் குறும்படம். நடிக்க என் மனைவி கிறிஸ்டி. அவளுக்குக் கணவனாக நடிக்க வேண்டிய தேவா போனை அணைத்துவிட்டான். எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது.

எடுக்க வேண்டியது ஓவர் ஷோல்டர் ஷாட். கணவனின் முதுகுக்குப் பின்னால் கேமரா. பிரேமின் இடது ஓரத்தில் அவன் தோள். எதிரே சாப்பாட்டு மேசையில் மனைவியின் முகம். வெறும் தோள்தானே, அதற்கு ஆள் எதற்கு? நாற்காலியில் ஒரு தலையணையைக் கட்டி, கொக்கியில் கிடந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டினேன்.

"வேண்டாங்க. அந்த அக்கா அவ்வளவு சொன்னாவல்லா?" என்றாள் கிறிஸ்டி.

"ஏட்டி, சும்மா கெட. அஞ்சு நிமிசம். யாருக்குத் தெரியப் போவுது?"

மூன்று டேக். வசனம் ஒன்றேதான்: "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" மூன்றாவதில் அவள் குரல் நடுங்கியது. முடிந்ததும் வாசலுக்கு ஓடிவிட்டாள்.

"எதுக்கால, அந்த நாற்காலியில மூச்சு விடுத சத்தம் கேக்குதுங்க. வாங்க, போயிருவோம்."

நான் சிரித்துக்கொண்டே எடுத்ததை ஓட்டிப் பார்த்தேன்.

முதல் டேக்கில் தோள் பிரேமில் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருந்தது. இரண்டாவதில் அதில் பாதியாகச் சிறுத்திருந்தது. மூன்றாவதில் இன்னும் சின்னது. கேமராவை நான் அசைக்கவில்லை. லென்ஸை மாற்றவில்லை. ஒன்று பிரேமில் சிறுக்கிறது என்றால், அது கேமராவை விட்டு விலகிப் போகிறது.

கிறிஸ்டியை நோக்கி.

நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலி நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுபடியும் திரையைப் பார்த்தேன். தோளுக்கு மேலே ஒரு காது.

தலையணைக்குக் காது ஏது?

சட்டையைக் கொக்கியில் மாட்டினேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து எடுத்ததையெல்லாம் அழித்தேன். கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஆண்டவர் காப்பாற்றினார் என்று சாப்பிட உட்கார்ந்தேன். கிறிஸ்டி எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

தைல வாசம் வந்தது.

நிமிர்ந்தேன். என் பார்வையின் இடது ஓரத்தில், எனக்கும் அவளுக்கும் நடுவே, ஒரு தோள். நீலக் கட்டம். ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

அவளை ஒட்டி இருந்தது.

"கிறிஸ்டி..." என்று கூப்பிட்டேன்.

அவள் கண் என் மேல் இல்லை, அந்தத் தோளுக்கு மேலே இருந்தது. கரண்டியை எடுத்தாள். என் தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று கேட்டாள்.

இந்த முறை அவள் குரலில் நடுக்கமே இல்லை.