மேஜு தொங்கிய அறை

தம்பி கியுஹானுக்குக் காரியம் முடிந்த பத்தாம் நாள், மதிய பஸ்ஸில் சொந்த ஊர் சுன்சாங்கில் இறங்கி, பனியில் நடந்து எங்கள் பழைய வீட்டுக்குப் போனேன். அவன் படுத்திருந்த அறையில் தொங்கும் மேஜுக் கட்டிகளை எரித்துவிட வேண்டும். வேறு வேலை எனக்கு அங்கே இல்லை.

வேகவைத்த சோயாவை இடித்து, செங்கல் போலப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிடுவதுதான் மேஜு. தரை சூடாக இருக்கும் அறையில்தான் அது பழுக்கும். இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஓர் அறையைத்தான் சூடாக வைத்திருந்தேன். அவனையும் அங்கேயே படுக்க வைத்தேன்.

சியோலில் ஆபரேஷன் செய்து என் கிட்னி ஒன்றை அவனுக்கு வைத்திருந்தார்கள். உடம்பு அதை ஏற்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். வீட்டில் பூசணம் உண்டா என்று டாக்டர் கேட்டார். சுவரை வினிகர் போட்டுத் துடைக்கிறவள் நான், ஒரு புள்ளிகூடக் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். மேஜுவில் பூப்பதை எங்கள் ஊரில் யார் பூசணம் என்பார்கள்? வெள்ளையாகப் பூத்தால் இந்த வருஷம் அதில் அரைக்கும் சோயா விழுது நன்றாக வரும் என்று சந்தோஷப்படுவோம்.

அவன் நுரையீரல் முழுக்கப் பூசணம் பரவியிருந்ததாம். பாவி, நானே என் கையால் கட்டித் தொங்கவிட்டேன்.

வீட்டில் தரையைச் சூடாக்கும் அடுப்பு அணைந்து பல நாள். நடையில் கால் விறைத்தது. ஆனால் அந்த அறையை நெருங்க நெருங்கத் தரை சூடாக இருந்தது.

உள்ளே இருமல்.

மூன்று முறை இருமி, மூச்சுக்குத் திணறும் அதே வறட்டு இருமல்.

சத்தியமாக, பயத்தைவிட ஆசைதான் முந்தியது. காகிதக் கதவை இழுத்தேன். யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

“அக்கா தெரியாமப் பண்ணிட்டேன்டா,” என்றேன். “கதவத் திற.”

“வராதக்கா. இங்க முழுக்கப் பூத்துக் கிடக்கு.”

அவன் குரல்தான்.

“இருக்கிற ஒரு கிட்னியையும் தூக்கிக் குடுக்க வந்தியா? வீட்டுக்குப் போக்கா.”

“கோவமாடா?”

வைக்கோல் கயிறுகள் ஒவ்வொன்றாக அறும் சத்தம் கேட்டது. கதவு ஒரு முழம் திறந்தது. அவன் போர்வையில் இறுக்கிக் கட்டிய மூட்டை ஒன்று வெளியே நகர்ந்து வந்தது. கதவு மூடிக்கொண்டது.

ஒரு தூசிகூட என்மேல் படாதபடி மூன்று முடிச்சுப் போட்டிருந்தான்.

முற்றத்தில் வைத்து அழுதுகொண்டே எரித்தேன். இனியாவது அவன் நிம்மதியாக மூச்சு விடுவான் என்று நினைத்தேன். கடைசிக் கட்டியும் சாம்பலாகும்வரை நின்றேன்.

உள்ளே இருமல் நிற்கவில்லை.