ஒன்பதாவது வண்டி

பந்தயத்தில் ஓடியவை எட்டுக் குதிரை வண்டிகள். படத்தில் ஒன்பது இருந்தன.

லோவெல் மூன்று முறை எண்ணிவிட்டான். கேமராவை வைத்துப் பந்தயத்தைக் கண்காணிப்பது நியூயார்க் மாநிலத்தின் அந்தச் சிறு மைதானத்தில் இந்த வருடம்தான் தொடங்கியது. கோபுர உச்சியில் நின்று படம் பிடித்தது அவன்தான். அவசர அவசரமாகக் கழுவி உலர்த்தி நீதிபதிகளின் அறைக்குக் கொண்டுவந்ததும் அவன்தான். முடிவு தெரியாத கூட்டம் வெளியே பார்வையாளர் மேடைப் பலகைகளை உதைத்துக்கொண்டிருக்க, சாத்திய ஜன்னல்களுக்குள் பிலிம் மருந்தின் நெடியும், புரொஜெக்டரின் கடகடப்பும், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத குதிரை வியர்வை நாற்றமும் அவன் தலையைக் கனக்க வைத்தன.

டெலாஸ் என்ற ஓட்டுநர் திருப்பத்தில் தன் வண்டியை வெளிப்பக்கம் ஒடித்து, அடுத்தவனைக் கவிழ்த்துவிட்டான். உள்வேலியோரம் எவனோ நெருக்கியதால்தான் ஒதுங்கினேன் என்று சத்தியம் செய்துவிட்டு, கதவுக்கு வெளியே தொப்பியைப் பிசைந்தபடி நிற்கிறான். அது பொய்யென்றால் ஆயுளுக்கும் தடை. அவனுக்குச் சாட்சி இந்தப் படம் ஒன்றுதான்.

"உள்பக்கம் ஒரு வண்டி இருக்குங்கய்யா. எண்ணிப் பாருங்க" என்றான் லோவெல்.

தலைமை நீதிபதி ஆம்ப்ரோஸ் திரும்பவே இல்லை. "அது வேலியோட நிழல்ப்பா. எனக்கு டெலாஸோட சக்கரத்தைக் காட்டு, போதும். பின்னாடி ஓட்டு."

இந்த மனிதரிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். லோவெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகமான இடத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு விசையைத் திருப்பினான். கிளம்பிய தூசி குளம்புகளுக்குள் திரும்ப அடங்கியது. கவிழ்ந்த வண்டி நிமிர்ந்தது. எட்டுக் குதிரைகளும் பின்னுக்குப் போயின.

ஒன்பதாவது போகவில்லை.

முன்னால் வந்தது. வேலியைக் கடந்தது. கோபுரத்தை நோக்கி.

எண் இல்லை. ஓட்டுபவனுக்கு முகம் இல்லை. தூசிதான் இருந்தது.

"ஐயா, திரையைப் பாருங்க."

"பார்த்தாச்சு. உள்பக்கம் யாருமில்ல." ஆம்ப்ரோஸ் குனிந்து தடை உத்தரவை எழுதத் தொடங்கினார்.

லோவெல் விசையை அணைத்தான். அணையவில்லை. மறுபடி அணைத்தான்.

பிலிம் தீர்ந்தது. அதன் வால் படபடவென்று அடித்துக்கொண்டது. வெறும் வெள்ளைத் திரை.

அதில் அந்தக் குதிரை மட்டும் நின்று மூச்சு வாங்கியது. பின்னாலிருந்தவன் கடிவாளத்தை விட்டான். இறங்குவதற்கு ஒரு காலை ஊன்றினான்.

ஆம்ப்ரோஸின் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில்.