செவிப்பிள்ளைகள்

மாலை ஆறு மணிக்கு எமல்டா மைக்கின் முன்னால் அமர்ந்தாள். எதிரே திரையில் வழக்கம்போல ‘நூறு வீதம்’ என்று பச்சையாக எரிந்தது. மன்னார்த் தீவின் ஒவ்வொரு வீடும் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்காவிட்டால் சட்டம் விடாது.

அக்கரைப் படங்களும் தொடர்களும் கடலைத் தாண்டி வந்து, இங்கிருந்த பத்திரிகை, நாடக மன்றம் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போன பிறகு பிறந்தது உள்ளூர்க் குரல் சட்டம். தினமும் ஒரு மணி நேரம் வீட்டில் ஒருவராவது உள்ளூர் வானொலியைக் கேட்டால்தான் அக்கரை அலைவரிசைகள் திறக்கும். நல்ல சட்டம்தான். ஆனால் நம் சனம் லேசுப்பட்டதா? கொஞ்ச நாளிலேயே கடைகளுக்குச் செவிப்பிள்ளை வந்துவிட்டது. உள்ளங்கையளவு கருவி. சுவரில் ஒட்டிவிட்டால் வீட்டுக்காரருக்குப் பதிலாக அதுவே கேட்கும். கேட்டதற்கு அடையாளமாக நிலையத்துக்குப் பாராட்டும் அனுப்பும். அதுவும் அக்கரைத் தயாரிப்புத்தான் என்பதை யாரிடம் சொல்லி அழுவது!

பாதிப் பேராவது தங்கள் காதால் கேட்பார்கள் என்றுதான் எமல்டா நம்பியிருந்தாள். பேசாலை வீட்டில் அவளுடைய அப்பா செபமாலையர் தன் காதால்தான் அவளைக் கேட்டார். அவள் மைக்கில் ஒருமுறை இருமினால் போதும், அடுத்த பாட்டு முடிவதற்குள் தொலைபேசியில் வந்துவிடுவார். “சுடுதண்ணி குடி பிள்ளை.”

இன்று மரண அறிவித்தலில் அவருடைய பெயர் இருந்தது.

“நான் வாசிக்கிறன் அக்கா. நீங்கள் வீட்ட போங்கோ,” என்றான் ஒலிப்பதிவாளன் றொசான்.

“வேண்டாமடா. அவருக்கு என்ர குரல்தான் பிடிக்கும்.”

குரல் உடையாமல் வாசித்து முடித்தாள். நாளை மாலை அடக்கம், உற்றார் உறவினர் அனைவரும் வரவும். முடிப்பதற்குள் அனுதாபச் செய்திகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மறுநாள் முற்றத்தில் அடுக்கியிருந்த கதிரைகள் காலியாகவே கிடந்தன. பங்குச் சுவாமி வந்தார், கோயில் உபதேசியார் வந்தார், றொசான் வந்தான். பெட்டியை வெளியே எடுக்கும்போதுதான் பக்கத்து வீட்டு மரியதாசர் கண்டுவிட்டுக் கட்டியிருந்த சாரத்தோடு ஓடிவந்தார்.

“ஐயோ பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதே!”

“றேடியோவில சொன்னனான், அண்ணை.”

மரியதாசர் சாரத்தை இறுக்கிக்கொண்டு பெட்டியருகே போய் நின்றார். அவருடைய வீட்டுக்குள்ளிருந்து அக்கரைத் தொடரின் அழுகை கேட்டது.

சுவாமி செபம் சொல்லி முன்னால் நடக்க, தூக்குவதற்கு மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். எமல்டா செருப்பைக் கழற்றிவிட்டு நாலாவது தோளைக் கொடுத்தாள். அடக்கம் செய்யும் சேமக்காலை வரைக்கும் வழியில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அவளுக்கு அழுகையைவிட வெட்கம்தான் வந்தது. இத்தனை வருடமும் யாரோடு கதைத்தோம்?

அடுத்த நாள் ஆறு மணி. நூறு வீதம். எமல்டா வாயைத் திறந்தாள்; சொல் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

“அக்கா, ஒலிபரப்புப் போகுது, கதையுங்கோ!” கண்ணாடிக்கு அப்பாலிருந்து றொசான் கையை ஆட்டினான்.

அவள் பேசவில்லை. திரையில் எண் அசையவில்லை. சற்று நேரத்தில் பாராட்டுகள் வரத் தொடங்கின. ‘இன்றைய நிகழ்ச்சி மிக இனிமை.’ ‘இன்றைய நிகழ்ச்சி மிக இனிமை.’

எமல்டா மேசையில் கிடந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இருந்திருந்தால் இந்நேரம் அது அடித்திருக்கும். “என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்ல? சாப்பிட்டியா?”