கச்சான் காற்றில் ஒரு களவு

காலை 11.20.

“என்ட ட்ரோனைக் காணல்ல! களவெடுத்திட்டாங்க!”

மூன்றாம் அறையிலிருந்து வந்த சத்தத்தில், வரவேற்பறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதலாளி சாமித்தம்பி கோப்பையை வைத்துவிட்டு ஓடினார். நாவற்குடாவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் எட்டு அறை ஹோட்டல் அவருடையது. இருபத்தைந்து வருடம் சுவிஸில் இருந்துவிட்டு வந்து ஆசை ஆசையாகக் கட்டியது.

சத்தம் போட்டவன் நிலோஜன். முதல் நாள் பின்னேரம் கொழும்பிலிருந்து வந்தவன். ஹோட்டல் ஹோட்டலாகத் தங்கி வீடியோ எடுத்து, எது ஸ்டைலானது, எது தண்டம் என்று ஊருக்குச் சொல்வதுதான் அவன் வேலை.

சாமித்தம்பிக்குப் பின்னால், ஓடாமல் நடந்தே வந்தாள் றுமைஸா. காத்தான்குடிக்காரி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற குடும்பங்களுக்கு ஹோட்டல் தெரிவுசெய்து கொடுப்பவள். “வெயில் வேணும், தண்ணி வேணும், படம் எடுத்தா வடிவா இருக்க வேணும்” என்று ரொறன்ரோவிலிருந்து பதினெட்டுப் பேர் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் பதினொரு மணிக்கு வந்திருந்தாள். ஹோட்டல்காரர்களுக்கு அவளைக் கண்டால் உள்ளுக்குள் உதறும். நீச்சல் தடாகத்தை ஒரு நிமிடம் பார்ப்பாள். அலுமாரியைப் பத்து நிமிடம் பார்ப்பாள்.

அன்றும் அலுமாரியைத்தான் முதலில் பார்த்தாள். அறைக்கு ஒரு நிறமாகக் கைத்தறி விரிப்புகள். முதலாம் அறைக்கு மஞ்சள், இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு மாதுளம்பூச் சிவப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு. ஒன்று கட்டிலில், மற்றது பூட்டிய அலுமாரியில். ஆடி மாதக் கச்சான் காற்று வாவிப் பக்கமிருந்து அடுப்பு அனலாக வீசிக்கொண்டிருந்தும் விறாந்தை மட்டும் குளிர்ந்திருந்தது. காரணம், கம்பி நெடுகத் தொங்கிய ஈர விரிப்புகள். “வெயில் தாழ எடுத்திருவம் தங்கச்சி, அதைப் பாக்காதீங்க” என்று சாமித்தம்பி வெட்கப்பட்டார். அவள் பார்த்தாள், பிடித்தும் இருந்தது.

11.25. மூன்றாம் அறை.

மேசையில் ட்ரோனின் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு பற்றரி. பக்கத்தில் பறக்க விடுகிற கருவி. ட்ரோன் மட்டும் இல்லை.

“எப்ப கடைசியாக் கண்டீங்க?” என்று கேட்டார் சாமித்தம்பி.

“காலையில ஆறரைக்குப் பறக்க விட்டன். ஏழு மணிக்கு மேசையில வச்சன். ஒன்பதரைக்குக் கல்லடிப் பாலம் பாக்கப் போனன். இப்பதான் வந்தன்.”

கதவுப் பூட்டு மின் அட்டையில் இயங்குவது. யார் எப்போது திறந்தார்கள் என்பது வரவேற்பறைக் கணினியில் விழும். சாமித்தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் கறுத்திருந்தது.

“ஏழு அஞ்சுக்குத் தம்பி. பதினொண்டு பதினெட்டுக்கு மறுகாவும் தம்பி. இடையில பத்து அஞ்சுக்கு ஒரே ஒரு ஆள். தனுஷியா.”

“பிறகென்ன? பொலிசுக்கு எடுங்க” என்றான் நிலோஜன்.

தனுஷியா வாசலில்தான் நின்றாள். பழுகாமத்துப் பிள்ளை, இருபத்து மூன்று வயது, அறைகளைப் பார்ப்பவள். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். காரணம் ஹோட்டலில் எல்லோருக்கும் தெரியும். மாலைதீவில் ஒரு பெரிய ஹோட்டலில் செப்டம்பரிலிருந்து அவளுக்கு வேலை சரிவந்திருந்தது. அடுத்த கிழமைக்குள் இரண்டு கடதாசி அனுப்ப வேண்டும்: குற்றம் எதுவும் இல்லை என்ற பொலிஸ் அறிக்கையும், சாமித்தம்பியின் கையால் ஒரு சேவைக் கடிதமும். இன்று ஒரு முறைப்பாடு பதிந்தால் முதலாவது போயிற்று. இரண்டாவதை சாமித்தம்பி இரண்டு வாரமாக இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இழுத்தடிப்பையும் றுமைஸா கேள்விப்பட்டிருந்தாள். முதலாளியை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல வேலைக்காரி போகாமல் இருந்தால் யாருக்கு லாபம்?

“அண்ணன், பொலிசுக்குப் பொறகு எடுக்கலாம். நான் ரெண்டு கேள்வி கேக்கட்டா?”

“கேளுங்க தங்கச்சி” என்றார் அவர், தொலைபேசியைக் கையில் வைத்தபடியே.

11.40. விறாந்தை.

“எத்தனை மணிக்குப் புள்ள வேலைக்கு வந்த?”

“எட்டு மணி பஸ்ஸில அக்கா.”

“அலுமாரித் திறப்பு?”

தனுஷியா இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக் காட்டினாள். “என்னட்டத்தான். வீட்டுக்கும் கொண்டு போயிருவன்.”

“மூணாம் அறையில என்ன செஞ்ச?”

“கூட்டினன். பழைய விரிப்பை எடுத்துட்டுப் புதுசு போட்டன். பத்து இருபத்தஞ்சுக்கு வெளிய வந்துட்டன்.”

“மேசையில ட்ரோன் இரிந்ததா?”

“பெட்டி இரிந்தது அக்கா. மூடித்தான் இரிந்தது. கிறுகியும் பாக்கல்ல. ஆக்கள்ட சாமானை நான் தொடமாட்டன்.”

“மறுகா?”

“எல்லா அறை விரிப்பையும் நனைச்சு இந்தக் கம்பியில போட்டன். பத்தே முக்கால் இரிக்கும். எங்கட வீட்டில கச்சானுக்கு இப்பிடித்தான் சாக்கை நனைச்சுப் போடுவம். ஐயாக்கு விருப்பமில்ல. வாற ஆக்களுக்கு நல்ல விருப்பம்.” அவள் புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். “அக்கா, நான் எடுக்கல்ல.”

“நீ அழாத. நான் இன்னம் முடிக்கல்ல.”

11.50. வரவேற்பறை.

நிலோஜன் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, பறக்க விடுற கருவியை விட்டுட்டுப் பறக்கிறதை மட்டும் ஏன் கள்ளன் கொண்டு போற?” என்று கேட்டாள் றுமைஸா.

“கிராமத்துப் பிள்ளைக்கு அது என்னெண்டு தெரியுமா?”

“அதுவும் சரிதான். காலையில பறக்க விட்டதுக்கு அத்தாட்சி ஏதும்?”

அவன் சிரித்தபடி கைப்பேசியை நீட்டினான். “பாருங்க. ட்ரோன்ல இருந்து நேர போனுக்கு வந்தது. ஆறரை மணி. வெட்டி ஒட்டித் திருப்பிச் சேமிச்சதால நேரம் மட்டும் காட்டாது.”

நான்கு செக்கன் படம். வாவியின் மேலிருந்து ஹோட்டலை நோக்கி எடுத்தது. வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, விறாந்தை நெடுக மஞ்சள், நீலம், சிவப்பு என்று துணிகள் படபடத்தன. பிறகு படம் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றுவிட்டது.

“உண்மையைச் சொன்னா,” என்றான் நிலோஜன், “அந்தக் கலர்த் துணிகளைத் தொங்க விட்டிருக்கிறதுதான் இந்த ஹோட்டல்ல ஸ்டைலான விசயம். அலங்காரத்துக்கு நல்ல யோசனை.”

சாமித்தம்பி வாயைத் திறந்தார். றுமைஸா கையைக் காட்டி அவரை அடக்கினாள். இன்னொரு முறை படத்தைப் போட்டுப் பார்த்தாள். சிவப்புத் துணி வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

“நேத்து ராவு நீங்க படுத்த கட்டில்ல விரிப்பு என்ன நிறம்?”

“சிவப்பு மாதிரி ஒண்டு. ஏன்?”

“மாதுளம்பூச் சிவப்பு. மூணாம் அறைக்கு மட்டும்தான் அந்த நிறம். ரெண்டே ரெண்டுதான் இரிக்கி. ஒண்டில நீங்க படுத்த. மற்றது அலுமாரிக்குள்ள பூட்டி, திறப்பு பழுகாமத்தில இரிந்தது. திறப்போட அந்தப் புள்ள வந்தது எட்டு மணிக்கு.” கைப்பேசியை அவன் பக்கம் திருப்பினாள். “அப்ப, ஆறரைக்கு உங்கட கட்டில்ல கிடந்த விரிப்பு, அதே ஆறரைக்கு விறாந்தையில எப்பிடித் தம்பி தொங்கும்?”

நிலோஜன் காலை மடக்கிக்கொண்டான்.

“அது அலங்காரம் இல்ல. கச்சானுக்கு நனைச்சுப் போட்ட விரிப்பு. உங்கட கட்டில்ல இருந்து பத்து மணிக்குப் பொறகு உருவினது. கம்பிக்கு வந்தது பத்தே முக்காலுக்கு. அதுக்குப் பொறகுதான் இந்தப் படம் எடுபட்டிரிக்கி. ஏழு மணிக்கு மேசையில வச்சிட்டன் எண்டு நீங்க சொன்ன ட்ரோன், பத்தே முக்காலுக்குப் பொறகு வாவிக்கு மேல பறக்குது. நீங்க அறைக்குத் திரும்பி வந்தது பதினொண்டு பதினெட்டுக்கு. அப்ப ஒன்பதரைக்கு வெளிக்கிடக்குள்ளயே அதையும் கருவியையும் பையில போட்டுக் கொண்டு போயிருக்கிறீங்க.”

சாமித்தம்பி எட்டி அந்தப் படத்தைப் பார்த்தார். “நிழலையும் பாருங்க! காலை ஆறரைக்குக் கட்டடத்தின்ட நிழல் வாவிக்குள்ள நீளமா விழும். இதில சுவரடியில ஒட்டிக் கிடக்கி. நேத்துப் பின்னேரம் எடுத்த எண்டா வாவிப் பக்கம் நிழலே விழாது.” கண் முன்னால் கிடந்ததைக் காணாமல் விட்டதற்காகத் தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

“அந்தக் குலுக்கல்தான் கச்சான்,” என்றாள் றுமைஸா. “மேல்காத்து தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போயிட்டு. அப்பிடித்தானே?”

நிலோஜன் கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தான். பேசியபோது குரலில் கொழும்பு மிடுக்கு இல்லை.

“ட்ரோன் என்ட கூட்டாளியின்ட. காத்தில விட வேணாமெண்டு நூறு தரம் சொன்னவன். துணியெல்லாம் பறக்கிறதைப் பாத்து ஆசைப்பட்டு விட்டுட்டன். களவு போன எண்டா என்னில பிழை இல்லைதானே எண்டு நினைச்சன். அந்தப் பிள்ளைக்கு இப்பிடி வரும் எண்டு யோசிக்கல்ல.”

“யோசிக்காமத்தான் பொலிசுக்கு எடுங்க எண்டு சொன்னீங்களா?”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவனுக்குப் பழி சுமக்க இருந்தவளின் பெயர்கூடச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அவன் எழுந்து தனுஷியாவிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒன்றரை மணி பஸ்ஸில் அவன் போய்விட்டான்.

பிற்பகல் 2.00.

“புள்ள, என்னிலயும் பிழைதான்” என்றார் சாமித்தம்பி. “ஒரு சொல் உன்னட்டக் கேக்காமப் போனைத் தூக்கிட்டன். மன்னிச்சிரு.”

தனுஷியா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதன்முறையாக அவருக்கு நேரே பேசினாள்.

“மன்னிப்பு வேணா ஐயா. கடிதம் வேணும். இப்பவே.”

சாமித்தம்பி ஏதோ சொல்ல வந்தார். “நீ போனா இந்த அறையளை ஆரு…” என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார். இரண்டு வாரமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். சந்தேகம் அல்ல, பொறாமையும் அல்ல. இந்தப் பிள்ளை இல்லாமல் ஹோட்டலை நடத்தத் தெரியாது என்ற பயம். ஹோட்டலின் பெயர் போட்ட தாளை எடுத்து எழுதினார். நேர்மை என்ற சொல்லை இரண்டு இடத்தில் எழுதினார். கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார்.

தனுஷியா கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. றுமைஸா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

“தங்கச்சி,” என்றார் சாமித்தம்பி தயங்கித் தயங்கி, “அந்த ரொறன்ரோ ஆக்கள்… இவ்வளவு நடந்ததுக்குப் பொறகு இஞ்ச கூட்டி வரமாட்டீங்கதானே?”

“கூட்டி வாறன் அண்ணன். நான் பாத்ததில இதுதான் நல்ல ஹோட்டல்.” றுமைஸா கைப்பையை எடுத்துக்கொண்டாள். “ஆனா ஆகஸ்ட் முடியிறதுக்குள்ள வந்துட்டுப் போகச் சொல்லுறன். அதுக்குப் பொறகு நல்ல ஹோட்டல் மாலைதீவில இரிக்கும்.”