பதினாறு நாள் துட்டி

புருஷனின் போனை ஒளித்து வைக்க மறந்தது கௌசல்யாவின் தப்பு. காலை ஏழரைக்கு அது அடித்தபோது மாமியார் முத்தாரம்மாள் எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தன் மலையாளத்தில் துக்கம் விசாரித்தான். டாக்டரின் அம்மா மரித்ததில் எல்லாருக்கும் வருத்தமாம். பத்து மணிக்கு மலர்வளையத்தோடு வருகிறார்களாம்.

டாக்டரின் அம்மா அவள்தான்!

"ஏட்டீ! உசிரோட இருக்கப்பவே எனக்குத் துட்டி சொன்னியா பாவி?"

"ஆமா அத்தே... நான்தான் ராத்திரி சொன்னேன்."

"எதுக்குட்டீ?"

காரணத்தைக் கௌசல்யா சொல்லக்கூடாது. புருஷனுக்குக் கொடுத்த வாக்கு அது. செல்வகணேஷ் மயக்க டாக்டர். மூன்று பேரில் இரண்டு பேர் விலகிப் போக, அந்த வேலையும் இவன் தலையில்தான். வாசலில் கண்ணாடிக் கதவு மாற்றத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரை எடுக்கத் தெரியவில்லை. காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பார்கள். பெற்றவர்கள் செத்தால்தான் பதினாறு நாள் லீவு.

"ஆரியசாலையில உள்ள சொந்தக்காரனெல்லாம் கோடித் துணியோட வருவான், கேட்டியா! நான் போய் நீட்டி நிமிர்ந்து கிடக்கட்டா?"

"என்னை வேணும்னா நாகர்கோவிலுக்கு எங்க அம்மை வீட்டுக்கு அனுப்பீருங்க அத்தே... அவுங்கள மட்டும் எழுப்பிராதீங்க!"

அவன் எழுந்து வந்துவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவளை ஏசாதீங்கம்மா... முந்தாநாள் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னபடியே கண்ணயர்ந்துட்டேன். கையில மருந்து மாறிப்போச்சு. நர்சு ஜெயபாய் கையப் பிடிச்சுத் தடுத்தா. மேஜையில கிடந்தது உங்க வயசுள்ள ஒரு அம்மாம்மா!"

முத்தாரம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இத எனக்கிட்டச் சொன்னா என்ன பிள்ளே?"

"எனக்க மொவன் கை நடுங்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்கீங்களே அத்தே... அவுங்க சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

"டூட்டி டூட்டின்னு ஓடினவனுக்கு, துட்டி விழுந்தாத்தான் உறக்கமா! அந்த ஆஸ்பத்திரிக்காரனுவ வெளங்குவானுவளா?" கிழவி மருமகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். "உன்னையல்லவா நான் கொன்னேன் மக்கா..."

இரண்டு பேரும் அழுதார்கள். அவன் மறுபடி போய்ப் படுத்தான்.

பத்து மணிக்குக் கார் வந்தது. முத்தாரம்மாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, மருமகளை முந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நான் செத்தவளுக்க தங்கச்சி. வெள்ளனே எடுத்தாச்சு." தன் மலர்வளையத்தைத் தானே வாங்கிக்கொண்டாள்.

மானேஜர் தலையைச் சொறிந்தான். நாளைக்கு ஒரே ஒரு ஆபரேஷன்தானாம், டாக்டர் வந்து போக முடியுமா என்றான்.

மாமியார் கேட்டைச் சாத்தினாள்.

"பெத்த அம்மையே செத்தாச்சுவே! இன்னும் ஆரு சாகணும்?"